செவிவழித் தமிழும் கணினித் தேர்வும்

எந்தக் கணினியை வாங்கலாம் என்று ஒருவர் கேட்டால், விலையையும் வேகத்தையும் ஒப்பிட்டு விடை கூறிவிடலாம். கேட்பவர் பார்வையற்றவராயின் அவ்வினாவின் தன்மை மாறுகிறது. அவர் தமிழில் படிக்க விரும்பும் பார்வையற்றவராயின் அது மேலும் மாறுகிறது. இவ்வினா சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. விடை தேடப் புகுந்த எனக்குக் கணினியைப் பற்றித் தெரியவந்தவை சில. தமிழாசிரியர்களாகிய நம்மைப் பற்றித் தெரியவந்தவை பல. அவற்றை முறைப்பட எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினாவை எழுப்பியவர் என் பழைய மாணவர். நெகிரி செம்பிலானில் பகாவ் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்தவர். தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. வகுப்பில் யார் வாசிப்பது என்று கேட்டால் முதலில் எழுந்து நிற்பவர் அவரே. பின்னர்ச் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். முப்பது வயதைக் கடந்ததும் நீரிழிவு நோய் அவருடைய கண்ணொளியைப் பறித்துக்கொண்டது. மனைவி மகளுடன் தாயார் வீட்டுக்கே திரும்பி வந்தவர், உரிய பயிற்சி பெற்று, திறன்பேசியையும் பழைய கணினி ஒன்றையும் காதால் கேட்டே இயக்கக் கற்றுக்கொண்டார்.

ஒரு நாள் மாலை, மகளின் கையைப் பிடித்தவாறு என் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, கணினி எனக்கு மலாய் படித்துக் காட்டுகிறது, ஆங்கிலமும் படித்துக் காட்டுகிறது. தமிழ் வந்தால் வாயை மூடிக்கொள்கிறது. வரும் ஜனவரியில் பாப்பா ஒன்றாம் ஆண்டுக்குப் போகிறாள். தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் பள்ளி அனுப்பும் கடிதத்தைக்கூட என்னால் படிக்க முடியாது. தேசியப் பள்ளியில் சேர்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாடஞ் சொல்லிக்கொடுக்கலாம். வேறு கணினி வாங்கினால் தமிழ் படிக்குமா? மேக் வாங்கு என்கிறார் ஒருவர். லினக்ஸ் போடு, காசே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எதை வாங்கட்டும் ஐயா?”

“கொஞ்சம் பொறுத்துக்கொள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்” என்றேன். ஒரு மாணவி நம் பதிவேட்டில் ஏறுவதும் ஏறாமற்போவதும் கணினிக் கடையில் முடிவாகும் என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

நான்கு கை மாறும் சொல்

கணினியின் எல்லாப் பகுதிகளையும் ஆள்கின்ற அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்பன அதன் மூன்று பெருங்குடும்பங்கள். இயங்குதளத்தின்மேல் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் அமர்ந்து, திரையிலுள்ள எழுத்தையும் பொத்தானையும் பட்டியலையும் அறிந்து சொற்களாக்குகிறது. அச்சொற்களை ஒலியாக்குவது பேச்சுக்குரல். இம்மூன்றுக்கும் முன்னே நிற்பது உரை. ஆகவே உரை, இயங்குதளம், திரைவாசிப்பான், குரல் என நான்கு கை மாறியே ஒரு தமிழ்ச்சொல் பார்வையற்றவரின் செவியை அடைகிறது. இரப்பர்ப் பால் மரத்திலிருந்து கோப்பைக்கும், கோப்பையிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து ஆலைக்கும் செல்வதை நம் தோட்டத்து மக்கள் அறிவர். கோப்பையிலேயே பால் கட்டிப்போய்விட்டால் ஆலையின் பெருமையைப் பேசிப் பயன் என்ன?

தொட்டுப் படிக்கும் பிரெயில் இருக்க, குரலை ஏன் நாடவேண்டும் என்று சிலர் வினவலாம். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951ஆம் ஆண்டையொட்டி வகுக்கப்பட்ட பாரதி பிரெயிலில் தமிழுக்கும் இடமுண்டு. இளமையில் அதனைப் பயின்றவர்க்கு அது பெருஞ்செல்வமே. ஆனால் நீரிழிவால் பார்வையிழந்தோர் பலர்க்கு விரல்நுனியின் உணர்ச்சியும் குன்றிவிடுகிறது. ஆறு புள்ளிகளைப் பிரித்தறிய விரல் ஒத்துழைப்பதில்லை. என் மாணவரின் நிலையும் அதுவே. அவர்க்குச் செவி ஒன்றே வழி.

மூன்று இயங்குதளங்கள்

முதற்கண் விண்டோஸ். விண்டோஸ் 2000 பதிப்பிலேயே நெரேட்டர் என்னும் திரைவாசிப்பான் உடன் வந்தது. எனினும் நெடுங்காலம் அது, வேறொரு நல்ல திரைவாசிப்பானை நிறுவி முடிக்கும்வரை கைகொடுக்கும் ஊன்றுகோலாகவே மதிக்கப்பட்டது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் அது நன்கு வளர்ந்துள்ளது. கண்ட்ரோல், விண்டோஸ், என்ட்டர் ஆகிய மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினால் அது பேசத் தொடங்கும். புதுக் கணினியை அமைக்கும் வேலையையே அதன் துணையுடன் செய்யலாம்.

ஆயினும் விண்டோஸின் சிறப்பு பிறர் ஆக்கித் தந்த திரைவாசிப்பான்களிலேதான் இருக்கிறது. அவற்றுள் மூத்தது ஜாஸ். 1978ஆம் ஆண்டு ஒரு விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்ட்டர் என்னும் அமெரிக்கர், பில் ஜாய்ஸ் என்பாருடன் 1987இல் நிறுவனம் தொடங்கி, 1989இல் அதன் முதற்பதிப்பை வெளியிட்டார். அலுவலகங்களில் பெரிதும் மதிக்கப்படுவது அது. விலையோ தோட்டத்துக் குடும்பத்துக்கு எட்டாதது. உரிமம் இன்றியும் அது இயங்கும்; ஆனால் நாற்பது நிமிடங்களுக்குப் பின் கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்கவேண்டும். இன்னொன்று என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் அதனைத் தொடங்கினார். ஜேம்ஸ் தே அவருடன் இணைந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். பார்ப்பவர் வாங்கும் கணினிக்குப் பார்வையற்றவர் மட்டும் இருமடங்கு விலை ஏன் தரவேண்டும் என்னும் வினாவுக்கு அவர்கள் செயலால் அளித்த விடை அது. விலையில்லை, மூலநிரலும் யார்க்கும் திறந்தது. பென்டிரைவ் ஒன்றில் எடுத்துச் சென்று எந்த விண்டோஸ் கணினியிலும் இயக்கலாம்.

இலவசப் பொருள் ஏழைக்கு, விலையுள்ள பொருள் வல்லார்க்கு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் 1,539 பேரிடம் கேட்டறிந்தது. முதன்மையாகப் பயன்படுத்துவது ஜாஸ் என்றோர் நூற்றுக்கு 40.5, என்விடிஏ என்றோர் 37.7, ஆப்பிளின் வாய்ஸ்ஓவர் என்றோர் 9.7. வசதி படைத்த நாடுகளிலும் விலையில்லாக் கருவி விலையுள்ள கருவிக்குத் தோளோடு தோள் நிற்பதை இக்கணக்குக் காட்டும்.

இரண்டாவது மேக். 1984 ஜனவரி 24ஆம் நாள் முதல் மெக்கின்டோஷ் கணினி அரங்கேறியபோதே அது தன் வாயால் பேசிற்று. எனினும் பார்வையற்றோர்க்கு முழுமையாகப் பயன்படும் வாய்ஸ்ஓவர், 2005இல் வந்த டைகர் பதிப்பில்தான் இயங்குதளத்தின் உறுப்பாயிற்று. 2009இல் ஐபோனுக்கும் வந்தது. இதனை நடுவுநிலையுடன் பாராட்டவேண்டும். கடையிலிருந்து கொண்டுவந்த மேக் கணினியைப் பார்வையற்றவர் பிறர் கையை எதிர்பாராது தாமே திறந்து தாமே அமைத்துக்கொள்ளலாம். தமிழுக்கும் அங்கே பழைய உறவு உண்டு. 1985இல் முரசு அஞ்சல் முயற்சியைத் தொடங்கிய நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துரு மேக் கணினியுடனேயே வருகிறது. அண்மைப் பதிப்புகளில் தமிழ்க்குரலும் உண்டு. குறை ஒன்றே: விலை. ஒரு மேக் கணினியின் விலைக்குப் பழைய விண்டோஸ் கணினிகள் சிலவற்றை வாங்கிவிடலாம்.

மூன்றாவது லினக்ஸ். இதன் வரலாற்றில் நம்மவர் அறியவேண்டிய பெயர் ஒன்றுண்டு. பூனாவில் பிறந்து, பதினான்காம் வயதில் பார்வையிழந்த டி. வி. இராமன், பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்று, 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகளைச் செவியால் கேட்டு உணரச் செய்யும் முறையே அவருடைய ஆய்வு. அதற்கு அவர் ஆஸ்டர் எனப் பெயரிட்டார். அவருக்கு வழிகாட்டிய நாயின் பெயரும் அதுவே. 1995இல் ஈமாக்ஸ்பீக் என்னும் பேசும் பணித்தளத்தை வெளியிட்டார். திரையில் இருப்பதை அப்படியே ஒப்பிப்பது போதாது. பொருளின் அமைப்பை அறிந்து பேசவேண்டும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையைக் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் நினைவுகூர்வோம்.

இன்று லினக்ஸில் பெரிதும் வழங்கும் திரைவாசிப்பான் ஓர்க்கா. டெபியன் என்னும் லினக்ஸ் வகை, 2011இல் வந்த தன் ஆறாம் பதிப்புமுதல், நிறுவும்போதே பேசும் வசதியைத் தந்துள்ளது. செருமானியரான கிளாஸ் நாப்பர், பார்வைக்குறையுற்ற தம் மனைவியின் பெயரால் ஆத்ரியான் என்னும் பேசும் அமைப்பை உருவாக்கினார். விண்டோஸ் 10 பதிப்புக்கான பொதுப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நின்றது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அத்தகைய கணினிக்கு லினக்ஸ் மறுவாழ்வு தரும். விலையும் இல்லை.

பின் ஏன் லினக்ஸே சிறந்தது என்று முடிவு கட்டவில்லை? கணினியின் குரல் ஒரு நாள் நின்றுபோனால், பார்வையற்றவர்க்கு அது விளக்கணைந்த வீடு. என்ன பிழை என்று திரை காட்டும். அவரோ திரையைக் காணார். அப்போது அருகில் யார் உளர் என்பதே வினா. எங்கள் வட்டாரத்தில் விண்டோஸ் தெரிந்த இளைஞர் தெருவுக்கு ஒருவர் உளர். லினக்ஸ் தெரிந்தவரை நான் தேடிக் கண்டதில்லை. சிரம்பானில் கொமியூட்டர் இரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பிரிக்பீல்ட்சை அடையலாம். ஆயினும் குரல் நின்ற இரவில் இரயில் ஏற இயலுமா? கற்பவர்க்கு அருகில் கைகொடுப்பார் இருக்கும் வழியே நல்வழி.

ஆகவே என் மாணவர்க்கு நான் கூறிய விடை இது: விண்டோஸ் 11 ஏற்கக்கூடிய பழைய கணினி ஒன்றை வாங்குக, என்விடிஏ நிறுவுக, அதன் படியொன்றைப் பென்டிரைவில் வைத்துக்கொள்க, நெரேட்டரை ஆபத்துக்கு உதவும் துணையாகக் கொள்க. மேக் வாங்கும் வசதியுடையோர் தயங்காது வாங்கலாம். லினக்ஸ் அறிந்த நண்பர் பக்கத்து வீட்டில் இருப்பின் அதுவும் தாழ்ந்த தேர்வன்று. இயங்குதளம் பற்றிய வழக்கு இவ்வளவில் முடிந்தது. தமிழ்பற்றிய வழக்கு இனித்தான் தொடங்குகிறது.

குரலுக்கு ஒரு வாசிப்புத் தேர்வு

புதிய கணினியில் தமிழ்க்குரல்கள் இரண்டு கிடைத்தன. ஒன்று என்விடிஏயுடன் வரும் ஈஸ்பீக். ஜோனதன் டடிங்டன் என்பார் 1995இல் தொடங்கிய முயற்சியின் வழிவந்தது. மனிதக் குரலைப் பதிந்து ஒட்டாமல், விதிகளைக் கொண்டே ஒலியை ஆக்குவது. மற்றொன்று விண்டோஸில் தமிழ் மொழிப்பொதியுடன் வரும் குரல். அதற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் இட்ட பெயர் வள்ளுவர்! பெயரைக் கேட்டதும் என் மாணவர் சிரித்துவிட்டார். “வள்ளுவரே வந்து எனக்குப் படிக்கிறாரா ஐயா?” என்றார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாசிப்பை அளக்க எங்களுக்குக் கற்பித்த அளவுகோல்கள் நான்கு: உச்சரிப்பு, நிறுத்தம், தொனி, வேகம். மாணவரை அளக்கும் அக்கோல்களைக்கொண்டே கணினிக் குரல்களை அளந்து பார்த்தேன்.

முதலில் உச்சரிப்பு. எழுத்துகள் எவ்வெவ்விடத்தில் பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியம் பிறப்பியல் என்னும் தனி இயலாகவே வைத்துள்ளது. லகர, ளகர, ழகர வேறுபாட்டை அந்த அளவில் சோதித்தால், குரல்கள் ஒருவாறு தேறின. இடர் வல்லினத்தில் எழுந்தது. தமிழில் ககரத்துக்கு எழுத்து ஒன்று. ஒலியோ இடத்துக்கேற்ப வேறுபடும். ‘கல்’ என்பதன் முதலெழுத்தும், ‘தங்கம்’ என்பதன் ககரமும், ‘அகம்’ என்பதன் ககரமும் ஒரே வகையாக ஒலிப்பதில்லை. இவ்வேறுபாடு விதிக்கு உட்பட்டதாதலின் கணினியும் அதனைக் கற்றுக்கொள்கிறது. விதிக்குள் அடங்காதவை பெயர்ச்சொற்களும் பிறமொழிச் சொற்களுமே. ‘காந்தி’, ‘பாபு’ ஆகியவற்றின் முதலெழுத்தை எழுத்துமட்டும் கொண்டு எந்த விதியும் சரியாகச் சொல்லாது. கேட்டுப் பழகியவரே அறிவர். நம் ஊர்ப் பெயர்களோ மலாய்ப் பெயர்கள். ‘பகாவ்’ என்று தமிழில் எழுதினால், அப்பெயரைக் கேட்டறியாத ஒருவர் எப்படி வாசிப்பாரோ அப்படியே நான் கேட்ட ஒரு குரலும் வாசித்தது. ஊரே அயலூராகிவிட்டது.

அடுத்தது நிறுத்தம். நிறுத்தக்குறியை எந்த மாணவரினும் ஒழுங்காகக் கணினி மதிக்கிறது. குறியிட்ட இடத்தில் நிற்கும். இடாத இடத்தில் நில்லாது. நான் எழுதிய கடிதம் ஒன்றை அது மூச்சுவிடாமல் படித்தபோதுதான், நான்கு வரிக்கு ஒரு முற்றுப்புள்ளியே இட்டிருக்கிறேன் என்பதை உணர்ந்தேன். குற்றம் குரலினதன்று.

தொனியில் இரு குரலும் தாழ்ந்தே நிற்கின்றன. வினாவும் வியப்பும் ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கின்றன. இத்துறையில் ஆய்வு நின்றுவிடவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் தமிழ்ப் பேச்சுக் குரல்களை உருவாக்கியுள்ளன. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் இணையச் சேவையில் நாட்டுக்கு நாடு வேறு தமிழ்க்குரல்கள் வைத்துள்ளது: இந்தியாவுக்குப் பல்லவியும் வள்ளுவரும், இலங்கைக்குச் சரண்யாவும் குமாரும், சிங்கப்பூருக்கு வெண்பாவும் அன்பும், மலேசியாவுக்குக் கனியும் சூர்யாவும். இவை பெரிதும் மனிதக் குரலை ஒத்திருக்கின்றன. ஆனால் இணையத்தின் வழியே வருவன. விசையை அழுத்திய கணமே மறுமொழி வேண்டும் திரைவாசிப்பானுக்கு ஏற்றவையல்ல. நீண்ட கட்டுரையையோ கதையையோ உலாவியில் உரக்கப் படிக்கச் செய்து கேட்பதற்கு நல்லவை.

நான்காவது வேகம். இங்கே என் அளவுகோலே பிழைபட்டது. கேட்போர்க்கு விளங்கும் நிதானமே நல்ல வேகம் என்று கற்பித்து வந்தவன் நான். என் மாணவரோ ஈஸ்பீக் குரலை எனக்கு ஓர் எழுத்தும் விளங்காத வேகத்தில் ஓடவிட்டு, ஒரு சொல்லும் தவறாமல் திருப்பிச் சொன்னார். “நீங்கள் கண்ணால் ஒரு பக்கத்தை மேய்கிறீர்கள் ஐயா. நான் காதால் மேய வேண்டாமா?” என்றார். இனிமை குறைந்ததென்று நான் தள்ளிய அந்தக் குரலே வேகத்தில் தெளிவு கெடாதது. ஆதலின் வேலைக்கு ஈஸ்பீக், கதைக்கு மனிதக் குரலை ஒத்தது என அவரே பங்கிட்டுக்கொண்டார். பார்ப்பவர் காதுக்கு இனிய குரலே பார்வையற்றவர்க்கு ஏற்றது என்று பார்ப்பவர் முடிவு செய்வது பொருந்தாது. திறனாய்வாளனாகச் சென்ற நான் அன்று மாணவனானேன்.

ஊமையான கடிதம்

குரல் தேறிற்று, இனி உரையைப் படிக்கவைப்போம் என்று, எங்கள் பள்ளி ஆண்டிதழ் ஒன்றின் கணினிப் படியைத் திறந்தேன். என் மாணவரும் ஒரு காலத்தில் அவ்விதழில் எழுதியவர். தமிழ் வரும் என்று காத்திருந்தோம். தொடர்பற்ற ஆங்கில எழுத்துகளின் கூச்சலே வந்தது.

காரணம் எளியது. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. பாமினி என்னும் எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்னும் சொல்லைப் பெற ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய விசைகளை அழுத்தவேண்டும். கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினியின் நினைவில் இருப்பது ஜே, கே, பி, ஓ. கண் ஏமாறும், காது ஏமாறாது. எங்கள் ஆண்டிதழும் அத்தகைய எழுத்துரு ஒன்றில் அடிக்கப்பட்டதே. நாங்கள் தமிழில் வெளியிட்டோம் என்று எண்ணியிருந்த இதழ், உண்மையில் தமிழ் வேடம் பூண்ட ஆங்கில எழுத்துக் குவியல்.

அடுத்து, புதிய மாணவர் பதிவுபற்றிப் பெற்றோர்க்கு அனுப்பிய கடிதம். இது நாங்கள் படமாக்கித் திறன்பேசியில் அனுப்பியது. அழகிய கரையும் பள்ளிச் சின்னமும் கொண்டது. கணினி “படம்” என்ற ஒரே சொல்லைக் கூறி அமைதியாயிற்று. “தமிழ் வந்தால் வாயை மூடிக்கொள்கிறது” என்று அவர் சொன்னதன் பொருள் அப்போது விளங்கிற்று. வாயை மூடியது கணினியன்று. அக்கடிதத்தின் கீழே கையொப்பமிட்டிருந்தவன் நான்.

இதற்குச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனித்தனி எண் தரும் ஒருங்குறி 1991இல் வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது. 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. ஒருங்குறியின் முறை நம் இலக்கணத்துக்கும் இயைந்தது. பழைய எழுத்துருக்களில் ‘கெ’ என்பதற்குக் கொம்பை முதலில் இட்டுக் ககரத்தைப் பின்னர் இடுவோம். அது கண்ணின் வரிசை. ஒருங்குறியில் ககரம் முன்னும் எகரக்குறி பின்னும் பதிவாகின்றன. அது ஒலியின் வரிசை. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று நாம் வகுப்பில் கற்பிப்பதும் இதுதானே?

ஒருங்குறியில் அடித்துவிட்டாலும் கடமை தீர்ந்ததாகாது. நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் போட்டி விளையாட்டு நிகழ்ச்சிகள் பற்றிய அறிவிப்புகளில் ஔவையாரின் பெயர் இடம்பெறாமல் இருப்பதில்லை. அப்பெயரின் முதலெழுத்து ‘ஔ’. பலர் அதனை ‘ஒ’ என்றும் ‘ள’ என்றும் இரண்டெழுத்தாக அடித்துவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினியோ ‘ஒ-ள-வை-யார்’ என்று பிரித்துப் படிக்கிறது. தமிழ்மூதாட்டியின் பெயரைத் தமிழாசிரியரே தவறாக எழுதியிருப்பதைப் பார்வையற்றவர் ஒருவரே கண்டுபிடிக்கிறார். இவ்வாறே, படங்களிலிருந்து எழுத்தைப் பெயர்த்தெடுக்கும் மென்பொருள்கள் துணைக்காலையும் ரகரத்தையும் மயங்குவதுண்டு. அவற்றின் விளைவைக் காதால் ஒருமுறை கேட்டுத் திருத்தாமல் வெளியிடலாகாது.

டி. வி. இராமன் கொள்கையை இங்கே நினைவுகூர்வோம். பொருளின் அமைப்பை அறிந்து பேசுவதே பேச்சு. தலைப்பைத் தலைப்பென்று கணினிக்குக் குறித்துவைத்தால், பார்வையற்றவர் ஒரு விசையால் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் சென்று வேண்டிய பகுதியைப் படிக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிவிட்டு அதனைத் தலைப்பென்று நாம் எண்ணினால், அது கண்ணுடையார்க்கு மட்டுமே தலைப்பு. நூறு பக்க மலரில் அவர் முதற்பக்கத்திலிருந்து நடந்தே வரவேண்டும்.

நல்லெடுத்துக்காட்டும் நம்மிடையே உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் எழுத்தெழுத்தாக அடித்து இணையத்தில் வைத்தது. அதன் ஒருங்குறிப் பதிப்புகளை எந்தத் திரைவாசிப்பானும் படிக்கும். ஆகவே இன்று ஒரு பார்வையற்ற தமிழர் சங்க நூலைப் படிக்கலாம். தம் மகளின் பள்ளிக் கடிதத்தைப் படிக்க முடியாது! இந்த முரணுக்குப் பொறுப்பு யார்?

அச்சு நூல்களைக் குறித்துச் சட்டமும் வழிவிட்டுள்ளது. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்குவதற்கான மராக்கேசு உடன்படிக்கை 2013இல் உருவாயிற்று. முதன்முதல் அதனை உறுதிசெய்த நாடு இந்தியா; ஆண்டு 2014. மலேசியா 2022இல் சேர்ந்தது. தகுதிபெற்ற அமைப்புகள், பதிப்புரிமையாளரிடம் தனித்தனியே இசைவு கேட்டு நிற்காமல், நூலைப் பார்வையற்றோர்க்குரிய வடிவில் மாற்றித் தர இதனால் வழி பிறந்துள்ளது. வழியைப் பயன்படுத்தத் தமிழ் அமைப்புகள் முன்வருதல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

பெரும்பொருள் செலவின்றி ஒவ்வொரு பள்ளியும் நாளையே தொடங்கத்தக்கவை சில. கடிதத்தைப் படமாக அனுப்பினால் அதன் கீழே அதே செய்தியை எழுத்தாகவும் அனுப்புக. கடிதம், பயிற்சித்தாள், மலர் எதுவாயினும் ஒருங்குறியிலேயே அடிக்க. பழைய மலர்களை எழுத்துரு மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்குக் கொணர்ந்து, பிழை பார்த்து வைக்க. தலைப்புகளைத் தலைப்பாகக் குறிக்க. படம் இன்றியமையாததாயின் அதில் என்ன உள்ளது என்று ஒரு வரி எழுதுக. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியிடுமுன் ஒருமுறை கணினியைப் படிக்கச் சொல்லிக் காதால் கேட்க. கண் விட்டுவிடும் பிழையைக் காது பிடித்துக்கொள்ளும். மாணவர்க்கும் இது நல்ல பயிற்சி.

எங்கள் பள்ளியில் இவற்றுள் முதலிரண்டையும் உடனே மேற்கொண்டோம். பதிவுக் கடிதம் எழுத்தாகச் சென்ற அன்று மாலையே தொலைபேசி ஒலித்தது. “ஐயா, மூன்றாம் பத்தியில் ஒரு வல்லினம் மிகவில்லை. கேட்டதும் தெரிந்துவிட்டது” என்றார் என் பழைய மாணவர். திருத்திக்கொண்டேன். மறுவாரம் அவர் மகளின் பெயர் எங்கள் பதிவேட்டில் ஏறிற்று. இப்போது அவள் வீட்டுப்பாடத்தை வாசிக்க, அவர் கணினியில் அதே பாடத்தைக் கேட்டவாறு பிழை திருத்துகிறார் என்று அவருடைய தாயார் கூறினார்.

இயங்குதளம் எது என்னும் வினாவுக்கு ஆளுக்கும் ஊருக்கும் பணத்துக்கும் ஏற்ப விடை மாறும். நாளை இன்னும் நல்ல கணினி வரும். இன்னும் நல்ல குரலும் வரும். அவை வந்து சேரும்போது படிக்கத்தக்க தமிழை நாம் எழுதி வைத்திருக்கவேண்டும். செவியால் பெறும் அறிவுக்குக் கேள்வி என்று பெயரிட்டு, அதற்குத் தனி அதிகாரமே வகுத்தது வள்ளுவம். அந்தக் கேள்விச் செல்வத்தைத் தம் எழுத்தால் பூட்டிவைக்கும் உரிமை தமிழாசிரியர் எவர்க்கும் இல்லை. இவ்வார இறுதியில், தாம் கடைசியாக எழுதிய பள்ளிக் கடிதத்தைக் கணினியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன்.